கடைசி இரண்டு சுற்று

11.03.2024 — ரூ. 4,36,500
19.03.2024 — ரூ. 2,08,000
27.03.2024 — ரூ. 61,200
05.04.2024 — ரூ. 1,35,000

லூர்துராஜின் நாற்பத்து மூன்றாம் நோட்டில் இந்த நான்கு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. முதல் மூன்றும் அவரே விசாரித்து எழுதிய விலைகள். நான்காவது, அவருக்குத் தெரியாமல் வேறொருவர் கொடுத்துவிட்ட பணம். நான்குமே ஒரே வேலைக்கான பெட்டிகள். சின்ன விமானம் ஒன்று, தான் யார், எங்கே, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று விடாமல் அறிவித்துக்கொண்டே போவதற்கான பெட்டி. டிரான்ஸ்பாண்டர் என்பார்கள்.

வரதராஜன்பேட்டையில் 'நோட்டு சார்' என்றால்தான் லூர்துராஜைத் தெரியும். வயது எழுபத்தொன்று. விமானப்படையில் பதினைந்து வருடம், பிறகு வடக்கே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் இருபத்தாறு வருடம், ரேடியோவும் கருவிகளும் பார்க்கிற வேலை. ஊர் திரும்பிப் பத்து வருடம் ஆகிறது. கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டு எழுதுவார். கரண்ட் போனால் போன நேரமும் வந்த நேரமும் எழுதுவார். லைன்மேன் பூமாலை அந்தத் தெருவுக்குள் வண்டியை விட யோசிப்பார். ஒரு முறை வசமாக மாட்டிக்கொண்டார்.

"என்னா சார், போன மாசம் எத்தன மணி நேரம் போச்சு?"

"பதினேழு மணி நாப்பத்திரண்டு நிமிஷம்."

"ஆபீஸ்ல பன்னண்டுன்னு எழுதியிருக்கோம். பெரிய மனசு பண்ணி நீங்களும் பன்னண்டுன்னே வச்சுக்குங்களேன்."

"உங்க நோட்டுல நீங்க எழுதுங்க. என் நோட்டுல நான் எழுதுறேன்."

ஊரே சொல்லிச் சிரித்த பேச்சு அது. நோட்டு சார் எழுதினால் அதில் அட்சரம் பிசகாது என்று கோயில் கணக்கிலிருந்து வரப்புத் தகராறு வரை அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கையெழுத்தில் ஒரு பொய் எங்கோ ஒரு பதிவேட்டில் உட்கார்ந்திருக்கிறது என்பது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

பெட்டி வேண்டியிருந்தது அறிவரசனுக்கு. பெரம்பலூரில் மக்காச்சோள வியாபாரம். பறக்கக் கற்றுக்கொண்டு, பாடாலூருக்குக் கிழக்கே தன் நிலத்தில் எண்ணூறு மீட்டருக்கு ஓடுபாதை போட்டு, அதற்கு அனுமதி வாங்க நாலு வருடம் அலைந்தவர். இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றை வாங்கிக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார். திருச்சியில் இறங்கும் பெரிய விமானங்கள் அந்தப் பக்கமாகத்தான் தாழ்ந்து வரும். ஆகவே அனுமதியில் ஒரு நிபந்தனை: தன்னை அறிவிக்கும் பெட்டி இல்லாமல் சக்கரம் தரையை விட்டு எழக்கூடாது. திருச்சியில் யாரோ லூர்துராஜின் பெயரைச் சொல்ல, கார் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எதை வாங்கணும்னு சொல்றேன் தம்பி. மாட்டுறதும் கையெழுத்துப் போடுறதும் திருச்சி இன்ஜினீயர் பார்க்கட்டும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் லூர்துராஜ்.

அறிவரசன் ஏன் என்று கேட்கவில்லை. வயசாளிக்குக் கை நடுங்கும்போல என்று நினைத்திருக்கலாம்.

மூன்று வாரம் விசாரித்து, கொட்டகையில் மேசை போட்டு விலைகளை விரித்து வைத்தார்.

"நாலு லட்சத்து முப்பத்தாறாயிரத்து ஐநூறு. இடத்தைக் கண்டுபிடிக்கிற ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கு. பேப்பர் எல்லாம் சுத்தம்."

"இந்த வெலையக் கேட்டா என் விமானமே வெக்கப்படும் சார். அடுத்தது?"

"ரெண்டு லட்சத்து எட்டாயிரம். இதுல ஜிபிஎஸ் தனி. அதுக்கு எழுவத்தி நாலாயிரம். மொத்தம் ரெண்டு எம்பத்திரண்டு."

"அறுவத்தோராயிரத்து இருநூறுன்னு ஒண்ணு இருக்கே! அதைச் சொல்லாம தாண்டுறீங்க?"

"அது அமெரிக்காவுல சின்ன விமானத்துக்குன்னு விக்கிறது. வால் விளக்குல மாட்டிக்கலாம், நல்ல பொருள்தான். ஆனா அது பேசுற அலைவரிசைய அந்த ஊர்ல மட்டும்தான் கேப்பாங்க. இங்க மாட்டுனா பேசிக்கிட்டே இருக்கும். கேக்க ஆள் கெடையாது."

"எங்கூரு கிராம சபை மாதிரின்னு சொல்லுங்க."

லூர்துராஜும் சிரித்துவிட்டார். இரண்டு எண்பத்திரண்டுதான் சரி என்று எழுதிக் கொடுத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் அறிவரசன். யோசித்தது என்னவென்றால், பெங்களூரில் பழைய விமானச் சாமான் விற்கிற ஆள் ஒருவரைப் பிடித்து, ஏப்ரல் ஐந்தாம் தேதி ஒரு லட்சத்து முப்பத்தையாயிரம் அனுப்பிவிட்டார். பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் போன் வந்தது.

"சார், ஒரு சர்ப்ரைஸ். உங்க மொத ரகத்துல பழசு ஒண்ணு, அதைச் சொருகுற தட்டோட கெடச்சுது. திங்கக்கிழம வாங்க, ஓட்டிப் பாப்போம்."

"பேப்பர் இருக்கா?"

"வருதாம்."

"வருதான்னா என்ன தம்பி அர்த்தம்? எந்த விமானத்துலேர்ந்து கழட்டுனது, எத்தன மணி நேரம் ஓடுனது, அதெல்லாம் இல்லாம அது வெறும் தகரம்."

"திட்டுறத நேர்ல வந்து திட்டுங்க சார். திங்கக்கிழம."

திங்கட்கிழமை வேண்டாம் என்று சொல்ல லூர்துராஜுக்கு வாய் வரை வந்தது. காரணம் கேட்டால் சொல்ல முடியாது என்பதால் சொல்லவில்லை.

வரதராஜன்பேட்டையிலிருந்து பாடாலூர் போக ஜெயங்கொண்டம், அரியலூர், பெரம்பலூர் என்று பஸ் மாற வேண்டும். பெரம்பலூரில் ஏறினால் திருச்சி சாலையில் எட்டாவது கிலோமீட்டர் சிறுவாச்சூர். காளி கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். மற்ற நாட்களில் பஸ் அங்கே நின்றதும் தெரியாது, கிளம்பியதும் தெரியாது. அதனால்தான் அவர் செவ்வாய், புதன் பார்த்துப் போவார். அப்போதும் சிறுவாச்சூர் வரும்போது முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொள்வார். இடப்பக்கம், கோயிலுக்குத் திரும்பும் வளைவுக்கு அருகில், 'அரியமுத்து தேங்காய் பழக் கடை' என்ற பலகை இருக்கிறது.

22.04.2024, திங்கள். பஸ்ஸில் பாதிப் பேர் கோயில் கூட்டம். இறங்கி முடிக்க நாலு நிமிடம் ஆனது. கைப்பிள்ளைக்காரிக்கு இடம் கொடுத்து எழுந்து நின்றதில், இடப்பக்க ஜன்னல் நேராக அவர் முகத்துக்கு வந்துவிட்டது. பலகைக்குக் கீழே அரியமுத்து தேங்காய் மட்டையை உரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஆள் ஏதோ கேட்க, காதில் கையை வைத்து, "ஆங்?" என்று நிமிர்ந்தார். அந்தக் கண்கள் பஸ்ஸைத் தொட்டு நகர்ந்தன. அவருக்கு லூர்துராஜைத் தெரியாது. லூர்துராஜ் மட்டும் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டிரைவர் வண்டியை எப்போது எடுப்பார் என்று நின்றார்.

அரியமுத்துவின் மகன் அருள்முருகன். அந்தப் பயிற்சிப் பள்ளியில் விமானி, பறக்கச் சொல்லிக்கொடுப்பவர். முப்பத்து மூன்று வயது. இந்தி பேசும் ஊரில் பெரம்பலூர்ப் பேச்சு பேச லூர்துராஜின் பட்டறைக்குத்தான் வருவார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்து, லூர்துராஜின் மனைவி புஷ்பம் வைத்த கருவாட்டுக் குழம்பை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிண்டல் பண்ணுவார்.

"அண்ணே, நீங்க செத்தாக்கூட செத்த நேரத்த எழுதி வச்சுட்டுத்தான் கண்ண மூடுவீங்க."

21.11.2013, வியாழக்கிழமை. அருள்முருகன் ஓட்டுகிற விமானத்தின் டிரான்ஸ்பாண்டரைக் கழற்றிச் சோதித்துத் திருப்பி மாட்டும் வேலை. அது தட்டில் சொருகும் பெட்டி. அடியில் ஒரு கொக்கி இருக்கும். முன்பக்கத் துளையில் ஆறுமுனைச் சாவியை விட்டுத் திருகினால் கொக்கி மேலெழுந்து தட்டின் விளிம்பைக் கவ்விப் பெட்டியை உள்ளே இழுக்கும். பாதி இழுத்ததுமே பார்வைக்கு முழுசாக உட்கார்ந்த மாதிரிதான் தெரியும். விளக்கும் எரியும். ஆனால் கடைசி இரண்டு சுற்றுத்தான் பின்னாலிருக்கும் முனைகளை இறுகக் கடிக்க வைக்கும். அதை விட்டுவிட்டால் இன்று ஓடும், நாளை ஓடும், அதிர்ந்து அதிர்ந்து ஒரு நாள் பிடி விட்டுப்போகும்.

அன்று விமானம் வெளியே காத்திருந்தது. நேரம் மிச்சம் பிடிக்க, அவர் வழக்கமாகச் செய்வதுபோல, பதிவேட்டை முதலிலேயே எழுதிவிட்டார். கை வேலையில் இருக்கும்போது பேனாவை எடுத்தால் தாளில் கிரீஸ் படியும் என்பது அவர் சொல்லும் காரணம். 'பெட்டி பொருத்தப்பட்டது. பூட்டுத் திருகு முழுதும் இறுக்கப்பட்டது.' கையெழுத்து, தேதி, நேரம். அழகான எழுத்து. அதன் பிறகு சாவியைத் திருகிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. வெளியே போய்ப் பேசினார். திரும்பி வந்தார். பதிவேடு திறந்து கிடந்தது, எல்லாம் எழுதியிருந்தது. மூடினார்.

திரும்பி வந்து திருகினாரா? நினைவில்லை. அதுதான். கேஸ் சிலிண்டரின் எடை நினைவிருக்கிறவருக்கு அது நினைவில்லை.

10.12.2013, செவ்வாய். அருள்முருகன் தனியாக அந்த விமானத்தை வேறொரு ஊரிலிருந்து கொண்டுவந்தார். காலை 11.14-க்கு டிரான்ஸ்பாண்டர் மௌனமானது. ரேடியோ எட்டாத மலைக்காடு. அதன் பிறகு நாற்பது நிமிடம் பறந்து, என்ஜின் நின்று, மரங்களுக்குள் இறங்கியிருக்கிறார். விழுந்தால் தானே உதவி கேட்கும் அவசர ஒலிபரப்பியின் ஆன்டெனா முறிந்துவிட்டது. தேடப் போனவர்கள் 11.14-க்குக் கடைசியாகத் தெரிந்த இடத்தைச் சுற்றியே தேடினார்கள். மூன்றாம் நாள் ஆடு மேய்க்கிறவர்கள் கண்டு சொன்னார்கள். விழுந்த பிறகு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமல் உயிர் இருந்திருக்கிறது என்று பிரேதப் பரிசோதனை சொன்னது.

விசாரணை வந்தது. பதிவேட்டை எடுத்துப் போனார்கள். அறிக்கையில் இரண்டு வரி. 'பராமரிப்புப் பதிவுகள் முறையாக உள்ளன. டிரான்ஸ்பாண்டர் விமானியால் அணைக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு.' முதல் வரி முறையாக இருந்ததால்தான் இரண்டாவது வரி பிறந்தது என்பது லூர்துராஜுக்குத் தெரியும். ஆற்றுமேல் தாழப் பறந்து விளையாடுவதற்காக அணைத்திருப்பான் என்று பள்ளியில் பேசிக்கொண்டார்கள். உதிரியாகக் கிடந்த சிதைவுகளை ஏலத்தில் யாரோ எடுத்துப் போனார்கள். ஐந்து மாதத்தில் லூர்துராஜ் வேலையை விட்டு ஊர் வந்தார்.

ஊர் வந்தும் விடவில்லை. பட்டப்பகலில், வயல் நடுவே, சாவி திருகும் உணர்வு வலது மணிக்கட்டில் வந்து நிற்கும். இரண்டு சுற்று பாக்கி என்று கை சொல்லும். மேலே போகும் விமானங்களைப் பார்க்க மொட்டைமாடியில் சின்ன ஆன்டெனா வைத்திருந்தார். ஒரு விமானம் எல்லை தாண்டினால் திரையில் சற்று நேரம் அசையாமல் நிற்கும், பிறகு இல்லாமல் போகும். அந்த இல்லாமல் போவதைப் பார்க்க மாட்டார். அதற்கு முன்பே கருவியை நிறுத்திவிடுவார். தவக்காலத்தில் ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்வார். 'வேலையில் ஒரு பொய் எழுதினேன், சாமி' என்பார். அதற்குமேல் வாய் வராது. சாமியார் 'அருள் நிறைந்த மரியே' செபத்தை மூன்று முறை சொல்லச் சொல்வார். வருடத்துக்கு மூன்றாகப் பத்து வருடம் சொல்லியாகிவிட்டது.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. பெட்டியே உள்ளுக்குள் பழுதாகிச் செத்திருக்கலாம். அப்படியென்றால் அவர் மேல் குற்றமில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் சோறு இறங்கியது.

அந்தத் திங்கட்கிழமை கொட்டகையில் பெட்டி மேசைமேல் இருந்தது. சீரியல் எண் இருக்க வேண்டிய தகடு இல்லை. வியாபாரியின் ஸ்டிக்கர்தான் ஒட்டியிருந்தது. லூர்துராஜ் திட்ட வேண்டியதைத் திட்டி முடித்தார். அறிவரசன் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு மின்சாரம் கொடுத்து, ஜிபிஎஸ் ஆன்டெனாவையும் ரேடியோ ஆன்டெனாவையும் இணைத்து, மாடியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த சோதனைக் கருவியை லேப்டாப்பில் சொருகினார். ஒவ்வொரு விமானத்துக்கும் அரசு கொடுத்த ஆறு இட எண் ஒன்று உண்டு. பெட்டி எந்த விமானத்தில் இருந்ததோ அதன் எண்ணைத்தான், மாற்றும் வரை சொல்லிக்கொண்டிருக்கும். அறிவரசன் விமானத்தின் எண்ணாக அதை மாற்ற வேண்டும். அதற்கு முன் இப்போது என்ன சொல்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வது அவர் முறை.

பெட்டி விழித்தது. பச்சை விளக்கு. நாற்பது வினாடியில் திரையில் ஒரு விமானச் சின்னம் எழுந்தது. உயரம் பூஜ்யம். வேகம் பூஜ்யம். இடம் பாடாலூர். பக்கத்தில் ஆறு இட எண். கடைசி இரண்டு ஏழு, சி. அதன்கீழ் விமானத்தின் பதிவுப் பெயர்.

பத்து வருடம் நான்கு மாதம் பன்னிரண்டு நாள் கழித்து, அருள்முருகனின் விமானம், அவர் அப்பா தேங்காய் உரிக்கிற இடத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்று, வினாடிக்கு ஒரு தரம், இங்கே இருக்கிறேன் என்று சொன்னது.

"நல்லா ஓடுதே சார்!" என்றார் அறிவரசன். "ஒண்ணு முப்பத்தஞ்சுக்கு... என்ன சார்? சார், பேயறைஞ்சாப்புல இருக்கீங்க?"

லூர்துராஜ் கையை நீட்டி அணைத்தார். சின்னம் உடனே போகவில்லை. அசையாமல் நின்றது. இந்த முறை அவர் முகத்தைத் திருப்பவில்லை. மறையும் வரை பார்த்தார்.

"ஓடுது" என்றார். "நல்லா ஓடுது தம்பி."

பெட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை என்பதுதான் அந்தச் சொல்லின் அர்த்தம். அறிவரசனுக்கு அது புரிய வழியில்லை.

பிறகு தட்டை எடுத்தார். ஜன்னல் ஓரம் போய், பூதக்கண்ணாடியும் வெர்னியர் அளவுகோலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விமானம் மோதி நின்றபோது பெட்டி முன்னுக்குப் பாய்ந்திருக்கிறது. கவ்விய கொக்கி தட்டின் தகட்டைக் கீறிக்கொண்டு வந்திருக்கிறது. முழுதும் இறுக்கியிருந்தால் கீறல் பின் விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும். அது முன்னால் தொடங்கியிருந்தது. மூன்று முறை அளந்தார். 3.8, 3.8, 3.9 மில்லிமீட்டர். இரண்டு சுற்றின் தூரம்.

மதியச் சாப்பாடு வந்து ஆறியது. அறிவரசனிடம் முழுக்கச் சொன்னார். எதையும் விடவில்லை. அறிவரசன் விமானத்தின் சக்கரத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"டெல்லியில விபத்து விசாரணை ஆபீசுக்கு எழுதணும். பெட்டியையும் தட்டையும் அனுப்பணும். அருள்முருகன் சம்சாரத்துக்கு எழுதணும்."

"சார், நான் வியாபாரி, வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாப் பேசுறேன். இந்தப் பெட்டி இங்க வந்துச்சுன்னு தெரிஞ்சா என் விமானம் ஆறு மாசம் தரையில நிக்கும்."

"நிக்கும்."

"உங்களையும் விட மாட்டாங்க."

"விட வேண்டாம்."

"அந்தம்மா ஏதோ மறந்து, தன் பாட்டுக்கு இருப்பாங்க. இப்பப் போயி ஆறுன புண்ணக் கீறி..."

"ஆறலைன்னா?" லூர்துராஜ் குரல் உயர்ந்தது அன்றைக்கு அந்த ஒரு தரம்தான். "அவரே அணைச்சாருன்னு எழுதி வச்சிருக்கான் தம்பி. அணைக்காத மனுஷன. என் கையெழுத்தப் பார்த்துட்டு எழுதியிருக்கான்."

அறிவரசன் எழுந்து போய்ப் பழைய சாக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். பெட்டியையும் தட்டையும் தானே சுற்றிக் கட்டினார். "ஒரு லட்சத்து முப்பத்தஞ்சு போச்சு. மக்காச்சோளத்துல ஒரு லோடு நனைஞ்சுதுன்னு நெனச்சுக்குறேன்" என்றார். "நீங்க சொன்ன ரெண்டு எம்பத்திரண்ட வாங்கிடுறேன். ஆனா சார், மாட்டும்போது வந்து பக்கத்துல நில்லுங்க. திருச்சிக்காரன் கடைசி ரெண்டு சுத்து சுத்துறானான்னு பாக்க எனக்கு ஆள் வேணும்."

லூர்துராஜ் தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டில் கடிதம் எழுத எட்டு நாள் பிடித்தது. ஜெயசித்ரா, அருள்முருகனின் மனைவி, சிறுவாச்சூரில் மாமனாரோடுதான் இருக்கிறார். அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் என்று அவருக்கு எப்போதோ தெரியும். முதல் படியில் ஆறு பக்கம் வந்தது. தன் வேதனையைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்தார். மிஞ்சியது ஒன்றரைப் பக்கம். நடந்தது நடந்தபடி: முன்னாலேயே எழுதிய பதிவு, நடுவில் வந்த போன், மூடிய புத்தகம், கீறலின் அளவு. கடைசியில், 'உங்கள் கணவர் அதை அணைக்கவில்லை. நான் பாதியில் விட்டேன். விசாரணை அலுவலகத்துக்கும் இதையே எழுதி, பெட்டியையும் அனுப்புகிறேன்.' மன்னிப்பு என்ற சொல்லைப் போட்டுப் பார்த்தார். அதைக் கேட்டால் கொடுக்கிற வேலையும் அந்த அம்மாள் தலையில் விழும் என்று எடுத்துவிட்டார்.

புஷ்பம் அரிசி களைந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கேட்காமலேயே எடுத்து வாசித்தாள். கணவன் எழுதியதை அவள் வாசிப்பது வழக்கமில்லை. எட்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடாததால் வாசித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"ஏங்க, இந்தப் போனு..."

"ஏதோ ஒரு போனு."

"வியாழக்கிழம. நம்ம பொண்ணுக்கு மாப்ள வூட்லேர்ந்து நிச்சயத்துக்குத் தேதி சொல்லிவிட்டாங்கன்னு நான்தானே பண்ணேன்?"

அவர் பேனா மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடி திருகினார்.

"இத்தன வருஷமா எங்கிட்ட சொல்லல."

"போன் பண்ணது தப்பில்ல புஷ்பம். எழுதுனதுதான் தப்பு."

அவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஞாயிறுதோறும் வந்து சாப்பிட்டவனை நினைத்து அழுதாளா, வேறெதற்கோ, அவருக்குத் தெரியவில்லை. பிறகு, "தபால் ஆபீஸ் நாலு மணி வரைக்கும்தான். வாங்க, நானும் வரேன்" என்றாள்.

30.04.2024 அன்று இரண்டு பதிவுத் தபால்களும் ஒரு பார்சலும் போயின. 24.05.2024 அன்று டெல்லி அலுவலகத்திலிருந்து பதில்: பெட்டி கிடைத்தது, கோப்பு மறுபடி திறக்கப்படலாம், அழைத்தால் நேரில் வர வேண்டும். ஜெயசித்ராவிடமிருந்து கையெழுத்திட்ட ஒப்புகை அட்டை மட்டும் வந்திருந்தது. அதில் கையெழுத்து மேலிருந்து கீழாகச் சரிந்திருந்தது. வேறொன்றும் வரவில்லை.

லூர்துராஜ் மாடியில் கருவியை மறுபடி மாட்டவில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் போய் நிற்பார். ஜூன் ஐந்தில் அறிவரசன் வந்து புதுப் பெட்டிக்குப் பணம் கட்டிய ரசீதைக் காட்டினார். அப்போதும் அவர் கண் தெருமுனையில்தான் இருந்தது. ஒரு மதியம், வெயிலில் நிற்காதீர்கள் என்று சொல்ல வந்த புஷ்பம் சொல்லாமல் குடையை மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தம்மாள் எழுதாமலே இருந்துவிட்டால் அதுவும் நியாயம்தான் என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் நின்றார்.

கடைசியில் கடிதம் வந்தது. கோடு போட்ட கணக்கு நோட்டுத் தாள். நேரான எழுத்து.

'ஐயா,

உங்கள் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. முதலில் கிழித்துவிட நினைத்தேன். பிறகு என் மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. கடையில் வைத்து வாசித்தேன். "அணைக்கவில்லை" என்ற இடத்தை மூன்று தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. தேங்காய் வாங்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கேட்கட்டும்.

விளையாட்டுக்காக அணைத்துவிட்டுப் போய் எங்களை இப்படி விட்டாரே என்று பத்து வருடமாக அவர்மேல் கோபமாக இருந்தேன். அவர் அங்கே கிடந்த ஒன்பது மணி நேரத்தை நினைக்கும்போதுகூட அந்தக் கோபம் எனக்குத் துணையாக இருந்தது. இப்போது அதை எடுத்துக்கொண்டீர்கள். அந்த ஒன்பது மணி நேரத்தை இனி நான் வெறும் கையோடு நினைக்க வேண்டும். கோபத்தை உங்கள்மேல் வைக்கலாமா என்று பார்க்கிறேன். வைக்க முடியும் என்றுதான் தோன்றுகிறது.

அறிக்கையிலிருந்து அந்த வரியை எடுக்கச் சொல்லி, உங்கள் கடிதத்தின் நகலை வைத்து, நானும் டெல்லிக்கு எழுதியிருக்கிறேன். அவர்கள் கூப்பிட்டால் நீங்கள் போய் எனக்கு எழுதியதையே சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை குறையக் கூடாது.

எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம்.

ஜெயசித்ரா அருள்முருகன்.'

லூர்துராஜ் வாசலிலேயே நின்று வாசித்து முடித்து, புஷ்பத்திடம் நீட்டினார். அவள் வாசித்தாள். அவர் உள்ளே போய் நோட்டை எடுத்து எழுதினார்.

கடிதம் வந்தது 14.06.2024, வெள்ளிக்கிழமை.